ஒன்பதாம் வரிசையில் துடைக்க ஆள் வேணும்

பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் நெரேய்டாவுக்குச் சிரிப்புதான் வந்தது. முன்பு அது சூப்பர்மார்க்கெட். அவளுடைய அப்பா ஃபிடென்சியோ கல்யாணத்துக்கு முன்னால் அங்கேதான் தரை துடைத்தார். இப்போது சார்ட்டர் பள்ளி. அரசாங்கப் பணம், நடத்துவது தனியார், இடம் கிடைப்பது குலுக்கலில். கடை போனாலும் கடையின் பேச்சு போகவில்லை. கணக்கு வகுப்புக்குப் 'பால் பக்கம்' என்று பெயர், வேதியியலுக்கு 'மீன் பக்கம்'. மழை பெய்தால் இன்னும் வாடை வரும் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள்.

மைதானம் கிடையாது, மேடை கிடையாது. கார் நிறுத்தும் இடத்தில்தான் விளையாட்டு வகுப்பு. ஆனால் இங்கே படித்து முடிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். அதுதான் வில்லங்கம்.

ஏனென்றால் நெரேய்டா டியூபா ஊதுகிறவள். ஆளையே விழுங்குகிற மாதிரி பெரிய பித்தளைக் குழல் அது. டெக்சாஸின் தென்கோடியில் மாவட்டப் பள்ளியின் பேண்டில் சேருவதென்றால் சும்மாவா? வெள்ளிக்கிழமை ராத்திரி, ஃபுட்பால் மைதானத்து விளக்கு, தொப்பியில் இறகு, ஊரே எழுந்து நின்று கத்தும். அந்த பேண்டுக்கு ஆள் எடுப்பதும் இன்று சாயங்காலம்தான், குலுக்கலில் இடம் விழுந்த சார்ட்டர் பள்ளிக்கு வர்றேனா இல்லையா என்று பதில் சொல்லவேண்டியதும் இன்றுதான். டியூபா வண்டியின் பின்னால் தயாராகக் கிடந்தது.

"பேண்ட் இல்லாத பள்ளிக்கூடத்துல நான் என்னப்பா பண்றது? கால்குலேட்டரை ஊதறதா?"

"ஊது. அக்கம்பக்கத்துக்காரனாவது நிம்மதியா தூங்குவான்," என்றார் ஃபிடென்சியோ. பிறகு குரல் இறங்கியது. "சும்மா பாத்துட்டு வருவோம்மா. முடிவு உன்னோடது."

தலைமையாசிரியை மிஸ் பெனாவிடஸ் சுற்றிக் காட்டினார். நூலகத்தைத் தாண்டும்போது கடைக்காலத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஒன்பதாம் வரிசையில துடைக்க ஆள் வேணும். ஒன்பதாம் வரிசை."

கடை அலமாரி வரிசையில் எதாவது கொட்டிவிட்டால் துடைக்கிறவரைக் கூப்பிடும் அதே பழைய அறிவிப்பு. அவ்வளவுதான். ஃபிடென்சியோ விறுவிறுவென்று நாலு எட்டு நடந்து, சுவரில் எதையோ தேடிக் கையை நீட்டினார். தரை துடைக்கிற மாப்பு முன்பெல்லாம் அங்கேதான் தொங்கும். கை வெறுஞ்சுவரில் பட்ட பிறகுதான் மனுஷனுக்குச் சுரணை வந்தது. சுற்றிலும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதுமடல் சிவந்துவிட்டது. நெரேய்டாவுக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"ஐயோ, விடுங்க," என்று மிஸ் பெனாவிடஸ் சிரித்தார். "யாருக்காவது காலேஜ்ல இடம் கிடைச்சா இப்படித்தான் அறிவிப்போம். இன்னிக்கு டெல்ஃபினாவுக்குக் கிடைச்சிருக்கு."

ஒன்பதாம் வரிசையிலிருந்து உயரமான ஒரு பெண் மாப்போடு ஓடிவந்தாள். இடம் கிடைத்தவர் மாப்பின் ஒரு முனையையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஊர்வலம் போவது அங்கே வழக்கம். டெல்ஃபினாவின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை, வர வழியில்லை.

"மாமா, நீங்கதான் எனக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்களே. வந்து பிடிங்க," என்று டெல்ஃபினா அவரை இழுத்துக்கொண்டாள்.

ஃபிடென்சியோ பிடித்தார். முதலில் கூச்சம். பாதி வழியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்தத் தரையை அவர் துடைத்த காலத்தில் யாரும் அவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை. இன்று பள்ளிக்கூடமே மேசையைத் தட்டிக் கூத்தாடியது.

ஆனால் அந்தத் தட்டல் இருக்கிறதே, கர்மம், ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. நெரேய்டாவால் பொறுக்க முடியவில்லை. வண்டிக்கு ஓடினாள், டியூபாவை மாட்டிக்கொண்டு வந்தாள், பூம் பூம் என்று ஊத ஆரம்பித்தாள். பழைய ஐஸ்பெட்டிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேசைகள் ஒன்றொன்றாகத் தாளத்துக்கு வந்து சேர்ந்தன. அவளுடைய அப்பா மாப்போடு சுழன்று சுழன்று ஆடினார்.

எல்லாம் அடங்கியதும் மிஸ் பெனாவிடஸ் காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "இதை இங்க எங்க வச்சும்மா ஊதுவே?"

"இறைச்சி வைக்கிற குளிர் அறை ஒண்ணு இருந்திருக்குமே, மிஸ். சுவர் தடியா இருக்கும், சத்தம் வெளிய வராது."

"அதுல உடைஞ்ச நாற்காலியாப் போட்டு வச்சிருக்கோம்."

"காலி பண்ணிக் கொடுங்க. நான் வர்றேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்பும் வழியில் மாவட்டப் பள்ளி மைதானத்தின் விளக்குக் கம்பங்களைப் பார்த்ததும் அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். அந்த விளக்கு இனி அவளுக்கு இல்லை.

ஃபிடென்சியோ வண்டியை ஓரங்கட்டினார். "இப்பக்கூட நேரமிருக்கு. உள்ள போய் ஊதிக் காட்டு. எனக்காக ஒண்ணும் வேணாம்."

"உங்களுக்காக மட்டும் இல்லப்பா. எனக்கும் அந்தக் காலேஜ் வேணும்." மூக்கை உறிஞ்சினாள். "யாரோ வீட்டுப் பொண்ணுக்கு மாப்பு பிடிச்சதுக்கே இந்த ஆட்டம் ஆடினீங்க. எனக்குப் பிடிக்கறப்ப எப்படி ஆடுவீங்கன்னு பாக்கணும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று கவலையோடு திரும்பினார்.

"இரு இரு. நீ ஒரு பக்கம் பிடிப்பே, நான் ஒரு பக்கம் பிடிப்பேன். அப்ப டியூபா யாரு ஊதுறது?"

"அதுக்குள்ள ஆள் தேத்திடுவேன். முதல்ல அந்த மிஸ்ஸுக்கே கத்துக்கொடுக்கப் போறேன்," என்றாள் நெரேய்டா.