வாசல் கடிகாரம்

என் அண்ணி திருடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இதை தொழிற்சாலைக்காரர்கள் வாயால் சொல்ல வைக்க எனக்கு அரை நாள் பிடித்தது.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அண்ணி காலர் தைப்பாள், பக்கத்து மிஷினில் நான் பட்டன். காலர் வெட்டி மிஞ்சும் விரலளவு துண்டுகள் குப்பைக்குத்தான் போகும். சின்னவளுக்குத் தலையணை தைக்கலாம் என்று அண்ணி ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டாள். சாயங்காலம் வாசலில் பை சோதனையில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் மேலாளர் அறையில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அந்தப் பை. பக்கத்தில் 'திருடியதை ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்த தாள், அதன்மேல் ஒரு பேனா.

"கையெழுத்துப் போட்டா வேலை மட்டும்தான் போகும். போடலைன்னா ஸ்டேஷன்," என்றார் மேலாளர்.

துணைக்கு ஒருவர் வரலாம் என்பதால் நானும் நின்றேன். ஒன்பது வருஷமாக ஒரு தையல் கோணாத கை, பேனாவைத் தொடாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ஊசி. தைக்காது, குத்த மட்டும் செய்யும். வாசலில் போன மாதம்தான் எங்களைப் பிடிக்கவென்று காமிரா மாட்டியிருந்தார்கள். அதன் முதல் வேட்டை என் அண்ணி என்பதில் ஊசிக்குத் தலைகால் புரியவில்லை. "ஆறு மணி பெல் அடிச்சதும் முதல் ஆளா வந்தா சார். நீங்களே பாருங்க," என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

படத்தில் அண்ணி பையோடு வந்தாள். தலைக்குமேல் வாசல் கடிகாரம், மணி ஆறு. சரிதான். ஆனால் படத்தின் ஓரத்தில் காமிராவே காட்டும் நேரம் இருந்தது. ஆறு பதினெட்டு.

எங்கள் தொழிற்சாலையில் தொழிலாளிகள் யாரும் வாட்ச் கட்டக்கூடாது, துணியில் கொக்கி மாட்டுமாம். காலையில் அவசரத்தில் போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும், மணியை யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. சாயங்காலம் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தால் ஆறரை தாண்டியிருக்கும். பை சோதனை வரிசையில்தான் நேரம் போகிறது என்று நாங்களே எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வோம். புத்திசாலிகள்!

நான் வாயை அடக்கிக்கொண்டு கேட்டேன். "சார், காலையில அண்ணி வர்றப்போ பை எப்படி இருந்துச்சுன்னும் பாத்துடலாமே? காலியா இருந்தாத்தானே திருட்டு?"

"அதுவும் கேள்விதான்," என்றார் போலீஸ்காரர்.

ஊசி உற்சாகமாக அதையும் போட்டார். அண்ணி காலிப் பையோடு ஓடி வந்தாள். வாசல் கடிகாரம் ஒன்பது. படத்தின் ஓரம் எட்டு நாற்பத்தாறு.

"காலையில பதினாலு நிமிஷம் முன்னாடி ஓடுது, சாயங்காலம் பதினெட்டு நிமிஷம் பின்னாடி நிக்குது. இது என்ன கடிகாரம் சார்? கடிகாரப் பெட்டி சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

ஊசியின் கை தன் சட்டைப்பையைத் தொட்டது. மேலாளர் அவரைச் சுட்டுவிடுவதுபோல் பார்த்தார். போலீஸ்காரர் இரண்டு படத்தையும் மறுபடி பார்த்துவிட்டு நோட்டை மூடினார். "இது தொழிலாளர் ஆபீஸ் விஷயம்மா. எங்க வேலை இல்லை."

"குப்பையை எடுத்தா உங்க வேலை. இருநூறு பேரோட உழைப்பை எடுத்தா உங்க வேலை இல்லையா?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து நேரே தையல் கூடத்துக்குப் போனேன். மிஷின் சத்தத்தில், வாசல் கடிகாரம் பொய் என்று நான் கத்தியது முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. அவர்கள் மிஷினை நிறுத்தினார்கள். அடுத்த வரிசை ஏன் என்று கேட்டது, கேட்டதும் நிறுத்தியது. கடைசி மிஷினும் ஓய்ந்தபோது, நான் வேலைக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கூடத்தில் மின்விசிறி சத்தம் கேட்டது.

இஸ்திரி போடும் அக்கா விரல்விட்டு எண்ணினாள். "தினம் முப்பத்திரண்டு நிமிஷமா? அடப்பாவிகளா! என் பையன் பள்ளிக்கூட வாசல்ல தனியா நின்ன நேரம்டீ அது!"

மேலாளர் அறை வாசலில் இருநூறு பேரும் வந்து நின்றோம். யாரும் எதையும் உடைக்கவில்லை, வேலையும் செய்யவில்லை. மத்தியானம் லாரி வந்து ஹாரன் அடித்தது. ஏற்றச் சட்டை இல்லை. அதற்குமேல் மேலாளரால் தாங்க முடியவில்லை. வாசல் கடிகாரத்தை ஊசியையே ஏணியில் ஏற்றிக் கழற்ற வைத்தார். பழைய நிமிஷங்களுக்கான வழக்கு இன்னும் நடக்கிறது, அதையும் விடமாட்டோம்.

"சரிம்மா, புகாரை வாபஸ் வாங்கியாச்சு. பையை எடுத்துட்டுப் போ," என்றார் மேலாளர் அண்ணியிடம்.

அண்ணி பையை எடுக்காமல் அந்த அச்சடித்த தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். மேலே அதே பேனாவை வைத்தாள்.

"நான் திருடலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

மேலாளர் எங்களைப் பார்த்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

"மணியும் போடுங்க," என்றாள் அண்ணி.

பழக்கத்தில் ஜன்னல் வழியே வாசலில் கடிகாரம் இருந்த வெறும் இடத்தை நிமிர்ந்து பார்த்தவர், சட்டைக் கையை விலக்கித் தன் வாட்சைப் பார்த்து எழுதினார்.