மூன்றாவது பாட்டில்

நாலு வருஷம் பீப்பாயில் கிடந்த ஒயினை நாலே வரியில் கொன்றுபோட்டார்கள். ஐந்து பேர் கொண்ட தரக்குழுவிடமிருந்து வியாழக்கிழமை தபாலில் வந்த கடிதத்தை டெல்ஃபினா சமையலறை ஜன்னலோரம் நின்று மூன்று முறை படித்தாள். 'மாதிரி எண் இருநூற்றுப் பதினேழு. மூக்கில் உலோக வாடை. இந்த வகைக்கு உரிய குணம் இல்லை. பரோலோ என்ற பெயருக்குத் தகுதியில்லை. அறுபது நாளுக்குள் இன்னொரு முறை கொண்டுவரலாம்.' கீழே ஒரு முத்திரையும் படிக்க முடியாத ஒரு கையெழுத்தும் இருந்தன.

இந்த மலையில் பரோலோ என்று சீட்டு ஒட்டினால்தான் ஒயினுக்கு மரியாதை. ஒட்டாவிட்டால் அது வெறும் சிவப்பு ஒயின். டாங்கர்காரன் வந்து குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போவான், எவன் வீட்டு ஒயினோடோ கலப்பான், எந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலோ ஜாடியில் ஊற்றிக் கொடுப்பார்கள். கிணற்றுச் சரிவுத் தோட்டத்தில் அவள் குனிந்து குனிந்து பறித்த திராட்சைக்கு அந்தக் கதியா?

"உலோக வாடையாம்!" என்று அவள் புருஷன் ரெமிஜோ கடிதத்தை மேஜைமேல் வீசினான். "அவனுங்க மூக்குல ஆணி அடிச்சு வெச்சிருக்காங்களா? அஞ்சு மூக்குல ஒரு மூக்குகூடவா வேலை செய்யல?"

ரெமிஜோ அந்த ஒயினைத் தானே ருசித்துச் சொல்ல முடியாதவன். வயிற்றுப்புண். டாக்டர் ஒயினை நிறுத்தி ஆறு வருஷமாகிறது. திராட்சைத் தோட்டத்துக்காரன் சாப்பாட்டுக்குப் பச்சைத்தண்ணீர் குடிக்கிறான் என்று ஊரே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

"அந்த அஞ்சு பேர்ல உன் அண்ணனும் ஒருத்தர் டெல்ஃபினா. மறந்துட்டியா?"

"எவாசியோ அண்ணன் இருந்தா இப்படி எழுத விட்டிருப்பாரா? அன்னைக்கு அவர் போயிருக்க மாட்டார்."

"போயிருந்தா?"

"வாயை மூடுங்க."

எவாசியோ கூடப்பிறந்த அண்ணன் இல்லை. பக்கத்துச் சரிவுக்காரர். டெல்ஃபினாவின் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். அவருடைய மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். நவம்பரில் காட்டுக்குள் மண்ணுக்கடியில் கிடக்கும் வெள்ளைக் காளானை நாய்க்கு முன்னால் இவர் மோந்துவிடுவார், அதனால் அந்த நாய் இவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது என்று ஊரில் கேலி பேசுவார்கள். மாமனார் போனபிறகு நிலவறைச் சாவியை டெல்ஃபினா எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டபோது, பொம்பளை போட்ட ஒயினா என்று மதுக்கடையில் உட்கார்ந்து இளித்தவர்கள் எத்தனையோ பேர். எவாசியோதான் எழுந்தார். தன் கழுத்துத் துணியை அவிழ்த்துத் தன் கண்ணையே கட்டிக்கொண்டார். "வையுங்கடா ஒன்பது கிளாஸு!" என்றார். ஏழாவது கிளாஸில் நின்றார். "இதுதான் டெல்ஃபினா. மொதல்ல மழையில நனைஞ்ச கிணத்துச் சங்கிலி. அப்புறம் காஞ்ச ரோஜா. கடைசியில ஆரஞ்சுத் தோல். கண்ணைக் கட்டி இதே கிணத்துல என்னைத் தள்ளுங்க, அங்கேயும் சொல்வேன்."

அன்றைக்குத்தான் டெல்ஃபினா தன்னை ஒயின்காரி என்று நம்பினாள். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு பீப்பாயையும் அவர் மோந்து தலையாட்டிய பிறகுதான் பாட்டிலில் அடைப்பாள். இந்த வருஷம் மட்டும் அவர் நிலவறைப் பக்கம் வரவில்லை. முட்டிவலி, படி இறங்க முடியவில்லை என்றிருந்தார்.

அன்று மாலையே போன் போட்டு, அந்த ஐந்து பேரில் அவரும் இருந்தாரா என்று கேட்டாள்.

"இருந்தேம்மா," என்றார் எவாசியோ. "இல்லேன்னு சொல்லல. ஆனா எல்லாம் நம்பர் போட்ட பாட்டில். ஒரு நாளைக்கு முப்பது. யாரோடது எதுன்னு எவனுக்குத் தெரியும்? எனக்கு அன்னைக்குச் சளி வேற. மூக்கு அடைச்சுப்போச்சு. நானே கம்மியா மார்க்கு போட்டிருப்பேனோ என்னமோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

"அய்யோ, விடுங்கண்ணே. உங்களைச் சொல்வேனா? ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. என்ன கெட்டுப்போச்சுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். மறுபடி கொண்டுபோறதுக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்."

ஞாயிறு காலையில் அவள் மூன்று பாட்டில்களை எடுத்து, கழுத்துவரை செய்தித்தாள் சுற்றி, அடியில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். ஒன்று, எவாசியோவின் மருமகன் இவானோ போட்டது. இரண்டு, பக்கத்து ஊர்ப் பாதிரியாரின் தம்பியுடையது. மூன்றாவதில் தன் பீப்பாயிலிருந்து இறக்கிய ஒயின். அவரைச் சோதிக்கவேண்டும் என்ற எண்ணம் சத்தியமாக அவளுக்கு இல்லை. அவளுடையது என்று தெரிந்தால் முகத்துக்காகப் புகழ்ந்துவிடுவார். மற்றவர்கள் நடுவே நிறுத்தினால் உள்ளதைச் சொல்வார் என்றுதான் நினைத்தாள்.

எவாசியோ வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "பிராசாட்டோ! கிராம்பு ரெண்டு கூடுதலாப் போட்டுட்ட. மாட்டுக்கறி நேத்து ராத்திரியே ஊறப்போட்டது, சரியா?"

"சளி நல்லா குணமாயிடுச்சு போல மச்சான்," என்றான் ரெமிஜோ.

"உன்னை மாதிரி பச்சத்தண்ணி குடிச்சா ஆகுமா மாப்ள? மனுஷன் குடிக்கிறதைக் குடிச்சேன், ஓடிப்போச்சு."

சிரித்தார்கள். டெல்ஃபினாவும் சிரித்தாள். சுவர் ஆணியில் கைப்பிடியால் தொங்கும் அவருடைய சொந்தக் கிளாஸ் இறங்கியது. முதல் பாட்டிலிலிருந்து இரண்டு விரல் ஊற்றினாள். அவர் கிளாஸைச் சுழற்றக்கூட இல்லை.

"இது எங்க இவானோ. புதுப் பீப்பாய் வாடை தூக்கலா அடிக்குது. தச்சன் பட்டறையில உக்காந்து குடிக்கிற மாதிரி. சொன்னா கேக்க மாட்டான் கழுதை."

இரண்டாவது. ஒரு முறை மோந்தார். "பாதிரியார் தம்பி. ஆலங்கட்டி மழை பெய்ஞ்ச வருஷம். தோல் அடிபட்டிருக்கு, துவர்ப்பு நாக்கைப் புடிச்சு இழுக்குது பாரு."

டெல்ஃபினாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. என்ன மனுஷன்! இந்த மூக்கு இருக்கும்போது தனக்கு என்ன குறை? மூன்றாவது பாட்டிலை ஊற்றும்போது கொஞ்சம் மேஜைவிரிப்பில் சிந்தியது.

எவாசியோ கிளாஸை வாங்கினார். மூக்கை உள்ளே விட்டார். கண் மூடியது. மூச்சு நீளமாக உள்ளே போயிற்று. திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு வாய் குடித்தார். கிளாஸை மேஜையில் வைத்தார்.

"தெரியல."

"என்னண்ணே?"

"யாரோடதுன்னு தெரியலம்மா. இந்தப் பக்கத்து ஒயினாவே தோணல. மூக்குல ஏதோ இரும்பு மாதிரி. வெளியூர்ச் சரக்கா?"

கிணற்றில் தள்ளினாலும் சொல்வேன் என்றவர், பட்டப்பகலில், அவள் வீட்டு மேஜையில், அவள் கையால் வாங்கிக் குடித்துவிட்டுத் தெரியவில்லை என்கிறார்.

"அது என்னோடதுண்ணே," என்றாள்.

"அய்யய்யோ." எவாசியோ தலையைக் குனிந்துகொண்டார். "நெசமாவா? அப்போ ஏதோ ஆயிடுச்சும்மா. பீப்பாயில பூஞ்சை கீஞ்சை புடிச்சிருக்கும். நான் என்னத்தைச் சொல்ல? மறுபடி கொண்டுபோய் அவமானப்படாத. வர்ற விலைக்குத் தள்ளிவிட்டுட்டு அடுத்த வருஷத்தைப் பாரு."

"கறி ஆறுது, சாப்பிடுங்க," என்று டெல்ஃபினா சொன்னாள். மூன்று பாட்டில்களையும் மேஜையில் விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கடிதம் வந்தபோதுகூட அவள் தன் ஒயினைச் சந்தேகப்படவில்லை. மூக்கில்லாதவர்கள் என்று திட்டத்தான் செய்தாள். இப்போது எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. காலையில் பீப்பாயிலிருந்து இறக்கும்போது தான் மோந்தது என்ன? ரோஜா இருந்ததா, இருக்கவேண்டும் என்ற ஆசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டாளா? நாற்பத்தெட்டு வயதாகிறது, மூக்கு செத்துப்போயிற்றோ? ஊர்க்காரர்கள் அன்றைக்கு இளித்தது சரிதானோ? தன் கையை மோந்து பார்த்தாள். வெங்காயம்தான் மணத்தது.

ஒயின்காரி என்று அவளை ஊர் முன்னால் நிறுத்தியவரே தெரியவில்லை என்றபிறகு வேறு யாரைக் கேட்பது? சுவர் போனை எடுத்து டாங்கர்காரனைக் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் என்னம்மா என்று அவன் முணுமுணுத்தான்.

"நாளைக்குக் காலையில வந்து பெரிய பீப்பாயைக் காலி பண்ணிட்டுப் போங்க. ஆமா, கிணத்துச் சரிவுதான். ஆமாங்க, நெசமாத்தான் சொல்றேன்."

முகம் கழுவிக்கொண்டு, ஹேசல் கொட்டைக் கேக்கைத் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எவாசியோ பிராசாட்டோவை இரண்டாம் தடவை வாங்கி, ரொட்டியால் குழம்பை வழித்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. மருமகனின் நாயைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். ரெமிஜோ சிரிக்கவில்லை. மனைவி வந்ததும் அவளைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

டெல்ஃபினா கேக்குக்கு இடம் பண்ணுவதற்காகப் பாட்டில்களை எடுத்தாள். முதலாவது கனத்தது. இரண்டாவதும் கனத்தது. மூன்றாவது காற்றாக மேலே வந்தது.

கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் பென்சிலால் போட்ட மூன்று. காகிதத்தின் வழியே ஒரு சொட்டு வழிந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"இதை யார் குடிச்சது?"

"எனக்கு டாக்டர் நிறுத்தி ஆறு வருஷமாச்சு," என்றான் ரெமிஜோ.

எவாசியோவின் கையிலிருந்த ரொட்டி தட்டிலேயே நின்றது. "பேச்சு சுவாரசியத்துல... பக்கத்துல இருந்ததை ஊத்திக்கிட்டேன் போல."

"உங்க பக்கத்துல இருந்தது இவானோ பாட்டில் அண்ணே. இது அந்தக் கோடியில, அவர்கிட்ட இருந்தது. ஒவ்வொரு தடவையும் உங்க மருமகன் பாட்டிலைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்திருக்கீங்க."

"அஞ்சு தடவை," என்றான் ரெமிஜோ. "எண்ணிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

"வெளியூர்ச் சரக்குன்னீங்க. இரும்பு வாடைன்னீங்க. இரும்பு வாடை அடிக்கிற ஒயினை ஒரு பாட்டில் குடிப்பீங்களா? நீங்களா? ஆலங்கட்டி பட்டதுக்கே மொகத்தைச் சுளிக்கிறவர் நீங்க!"

எவாசியோ நாப்கினால் வாயைத் துடைத்தார். துடைத்தும் உதட்டில் சிவப்பு போகவில்லை. பொய்யாக ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் நம்பிவிடக்கூடத் தயாராக இருந்தாள், பாவி.

"ஒயின் வாங்குற அந்தச் சூரிச்சுக்காரன் வருஷாவருஷம் வர்றான் டெல்ஃபினா," என்றார், மேஜைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே. "உன் வாசல்ல வண்டியை நிறுத்துறான். இருக்கிறதை எல்லாம் ஏத்திக்கிட்டு எங்க இவானோ வாசலைத் தாண்டி நேரா போயிடுறான். என் பொண்ணு ஜன்னல்ல நின்னு பாக்குறா. ஒரே ஒரு வருஷம் உன் ஒயின் இல்லேன்னா அங்க நிறுத்துவான்னு நெனச்சேன். இருநூத்திப் பதினேழாம் நம்பர் மூக்குக்கு வந்த ஒடனே உன்னோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேர் நல்லாருக்குன்னாங்க, ரெண்டு பேர் யோசிச்சாங்க. நான் சொன்னதை யோசிச்ச ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டாங்க. என் மூக்கை எவன் எதுத்துப் பேசுவான்?"

"கிணத்துச் சங்கிலின்னு நீங்கதானே பேரு வெச்சீங்க? அதையே உலோக வாடைன்னு எழுதிக் குடுத்தீங்களா?"

எவாசியோ நாப்கினை மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வந்து கேட்டிருக்கலாமே அண்ணே! இவானோ ஒயினையும் பாருங்கன்னு நானே அந்த ஆளைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேனே. சரி, அங்க எழுதினது எழுதினீங்க. இன்னைக்கு என் வீட்டுல உக்காந்து தெரியலன்னு சொன்னீங்க பாருங்க... உள்ள போய் நான் என்ன பண்ணேன் தெரியுமா? என் மூக்கு செத்துப்போச்சுன்னு அழுதேன். என் ஒயினை நானே சந்தேகப்பட்டேன். உங்க வாயில அது இனிச்சுக்கிட்டு இருக்கும்போது நான் அங்க நின்னு அழுதேன்!"

எவாசியோ எழுந்தார். தொப்பியைத் தேடினார், அது கதவுப் பக்கம் வழக்கமான ஆணியில்தான் இருந்தது, ஆனாலும் தேடினார். ரெமிஜோ எடுத்துக் கொடுத்தான், மச்சான் என்று கூப்பிடாமல். அவர் மூடுபனிக்குள் இறங்கிப்போனார். முட்டிவலி எதுவும் நடையில் தெரியவில்லை.

அவருடைய கிளாஸில் ஒரு விரல் உயரத்துக்கு ஒயின் மிச்சம் இருந்தது. டெல்ஃபினா அதை எடுத்து மோந்தாள். நனைந்த சங்கிலி. காய்ந்த ரோஜா. குடித்தாள், துவர்ப்பு இறங்கியபின் ஆரஞ்சுத் தோல் நின்றது. எல்லாம் இருந்தது, பத்தொன்பது வருஷமாக இருந்ததுபோலவே. இப்போது அதைச் சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள்.

கிளாஸை மறுபடி ஆணியில் மாட்டவில்லை. நேராகப் போய்ப் போனை எடுத்தாள்.

"நாளைக்கு வரவேண்டாங்க," என்றாள் டாங்கர்காரனிடம்.

"என்னம்மா இது, இப்பத்தானே வரச் சொன்னீங்க? என்ன ஆச்சு?"

"ஒயின் கெட்டுப்போகலைங்க," என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அட, நல்ல சேதிதானேம்மா," என்றான்.