சிவப்புக் கோடு போட்ட நாற்காலி

என் வீட்டுக்காரர் வேலுச்சாமி மில்லில் சாயம் போடுகிற வேலையை விட்டுவிட்டு வாடகைப் பாத்திரக் கடை வைத்தது 1964இல், ஆனி மாதத்துக் கடைசி நாளில். ஜோசியரிடம் போய் நாள், நேரம், திசை எல்லாம் பார்த்தார். மறுநாள் ஆடி பிறக்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. ஆடியில் யார் வீட்டில் கல்யாணம் நடக்கும்? ஆறு அண்டா, நாற்பது மடக்கு நாற்காலி, இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு பெரிய தார்ப்பாய். எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்டா வாங்கும்போதே கேட்டேன். தாராவியில் இருக்கிற நம் ஆட்கள் மே மாதம் ரயிலேறி ஊரில் போய்த்தானே கல்யாணத்தை முடித்துக்கொண்டு வருகிறார்கள், இங்கே யாருக்கு அண்டா என்று.

"யாவாரம் நம்ம ரத்தத்துலயே இருக்கு. நீ அடுப்பப் பாரு" என்றார்.

அவருடைய அப்பா ஆயுசு முழுக்கத் தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை பார்த்தவர். ரத்தத்தில் வியாபாரம் எந்த வழியாக வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடை இருந்த கொட்டகை என் அண்ணன் கோமதிநாயகத்துடையது. கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறவர். "தை மாசம் வரைக்கும் பாப்பேன். சரிப்படலன்னா சாவிய வாங்கிட்டு கருப்பட்டிச் சிப்பத்த இறக்கிருவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சாவி போனால் இவர் மறுபடியும் சாயத்தொட்டிக்குத்தான் போக வேண்டும். அந்த ஆவியில் இருமி இருமி நெஞ்சு கூடாகிப்போயிருந்தது. இவர் அறிவின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஆனால் அந்த இருமலை இன்னொரு தடவை கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி நடுவில், கொட்டுகிற மழையில், அடுத்த சந்துச் சிவனாண்டி நனைந்துகொண்டு வந்தார்.

"வேலு, எங்கம்மா தவறிட்டா. சனம் நிக்க எடமில்ல. தார்ப்பாயும் நாக்காலியும் குடுய்யா."

இவர் தலையைச் சொறிந்தார். "மொத வாடகை மங்களகரமா இருக்கணும்லா..."

"செத்த வீட்டுல மழ பெய்யாதாக்கும்?" என்று கேட்டுவிட்டு நானே தார்ப்பாயைச் சுருட்டிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கடை ஓடியது. கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் சாவதற்கு ஊருக்குப் போவதில்லை.

தொழிலை நாங்கள் கற்றுக்கொண்டது ஒவ்வொன்றாகக் கெடுத்துத்தான். ஒரு தடவை எரிந்த மேன்டில் வலையைக் கழற்றாமல் விளக்கைக் கைவண்டியில் ஏற்றினோம். போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. நாற்பது நாற்காலி அனுப்பினோம். முப்பத்திரண்டு திரும்பியது, அதிலும் நான்கு வேறு யாருடையதோ. அதன் பிறகு ஒவ்வொரு நாற்காலிக்கும் சீட்டின் அடியில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்தேன். பெயின்ட் காயுமுன் மடக்கி அடுக்கியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தை வருவதற்குள் எங்களிடம் எழுபது நாற்காலி இருந்தது. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் என்னைச் 'சாவு நாக்காலிக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார். தையில் அவர் மகள் தங்கமயிலுக்குக் கல்யாணம், செம்பூரில் பெரிய பந்தல்.

"ஒன் சாவு நாக்காலி எம் மவ கல்யாணத்துல காலு வைக்கக் கூடாது. மாதுங்கா கம்பெனில சொல்லியாச்சு. கட ஓடுதுதான், ஆனா என் பேருல்லா நாறுது. கல்யாணத்தன்னைக்கு சாவியக் கொண்டாந்திரு."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அந்த மாதுங்கா கம்பெனி ஆள் எங்கள் கடைக்கு வந்தான். ஒரே நாளில் ஏகப்பட்ட முகூர்த்தமாம், நாற்காலி போதவில்லையாம், எழுபதும் வேண்டுமாம். எந்த இடத்துக்கு என்று கேட்டேன். செம்பூர், கருப்பட்டிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றான். இவர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

கல்யாணத்தன்று அண்ணன் முன் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கைப்பிடியைத் தட்டினார்.

"பாத்தியா, மாதுங்கா சரக்கு. உக்காந்தாலே தெரியுது. சாவி எங்க?"

"இடுப்புல இருக்குண்ணே. மொதல்ல எந்திரிச்சி, சீட்டுக்கு அடியில பாரு."

சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். நிமிரும்போது முகத்தில் ஈயாடவில்லை. இழவு வீடு இழவு வீடாக அந்தக் கோட்டைப் பார்த்துக் கேலி பேசியவர் அவர்தானே.

"எத்தன?" என்றார்.

"எழுபது. சம்பந்தி உக்காந்திருக்கது, காலுல கம்பி சுத்தினது, சிவனாண்டி அம்மைக்குப் போனது. சொல்லட்டுமா?"

"மெதுவாப் பேசு."

"சாவி?"

"நீயே வச்சுக்கோ தாயி. ஒன் கடதானே."

அதன் பிறகு அவர் உட்காரவில்லை. தாலி கட்டும்வரை, ஆசீர்வாதம் முடியும்வரை நின்றார். பெண்ணைப் பெற்றவர் ஒரு நிமிஷம் உட்காரவில்லை, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று சம்பந்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பசியோடு போய் நின்ற அண்ணன், பெஞ்சு யாருடையது என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். எங்களிடம் பெஞ்சே கிடையாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.