ஜலதாரையில் ஊற்றிய ஆரத்தி

சிங்கப்பூரிலிருந்து சரோஜாவின் அண்ணன் ராஜமாணிக்கம் அனுப்பிய பிளாஸ்டிக் புல்தரைச் சுருள், குதிரை வண்டியிலிருந்து இறங்கியபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பார்க்காத ஒரே ஆள் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள்தான். அவள் பார்க்கவில்லை என்பதைச் சரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் புல்லை அவள் கேட்டு வாங்கியதே தங்கம்மாளின் பேத்தி கலாவுக்காகத்தான். சரோஜாவுக்கோ பிள்ளை இல்லை. நடுச்சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து வந்து அவள் புடவையைப் பிடித்து எழுந்து நிற்கும் குழந்தை அது. முற்றத்துச் சேற்றில் விழாமல் விளையாடட்டுமே என்று கடிதம் போட்டாள். கடிதம் கடல் தாண்டுவதற்குள் ஆடி மாசம் குழந்தைக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. நின்றது, மறுபடி வந்தது. கலா துரும்பாய் இளைத்தாள்.

தங்கம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "புள்ள இல்லாதவ கண்ணு பொல்லாதது. எம் பேத்திய அவதான் உருக்குறா" என்று தெருமுனைக் கடை வரைக்கும் போய்ச் சொன்னாள். அட, சொன்னவள் வாய்க்குத்தான் வலிக்குமா! கேட்டவர்களும் அதை வாயில் போட்டு மென்றார்கள். சரோஜா வாசலுக்கு வந்தால் மற்றவர்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி முந்தானையால் மூடினார்கள். சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை நம் கண்தானோ என்று, சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால்கூடத் திரும்பாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஐப்பசி மழை பிடித்தது. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரெல்லாம் தன் வீட்டு முற்றத்துக்கு வந்து குடியேறிவிட்டதாகச் சரோஜாவுக்குத் தோன்றியது. கொத்தனார் கண்ணாயிரம் வந்து பார்த்துவிட்டு, "இதும் மேல புல்லப் போட்டா கொசுவுக்குப் பாய் விரிச்ச மாதிரிதாம்மா. மொதல்ல தண்ணி போற வழியப் பாருங்க" என்றார்.

சரளை கொட்டி, மட்டம் பார்த்து, முற்றத்து அழுக்குத் தண்ணீர் வெளியே போகிற ஜலதாரைப் பக்கம் வாட்டம் கொடுத்தார். தண்ணீர் நல்ல பிள்ளையாக ஜலதாரை வாய்க்கு ஓடிவந்து அங்கேயே தேங்கி, சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. மூங்கிலை உள்ளே விட்டுக் குத்தினார். எதிலோ போய் முட்டியது.

"அந்தாண்ட அடைப்புங்க."

அந்தாண்ட என்றால் தங்கம்மாள் வீடு. முன்காலத்தில் இரண்டும் ஒரே வீடு. பாகம் பிரித்தபோது சுவர் எழுப்பினார்கள். பூமிக்கடியில் போகிற மண் குழாயை யார் நினைத்தார்கள்? அது தங்கம்மாளின் கிணற்றை ஒட்டிப் போய்த் தெருக் கால்வாயில் விழும்.

"அவதான் அடைச்சிருக்கா" என்றாள் சரோஜா.

"போய்க் கேளேன்" என்றான் புருஷன் பரசுராமன்.

"கேட்டா ஒத்துப்பாளா? கையும் களவுமாப் புடிக்கணுங்க."

மறுநாள் காலை ஓர் அண்டா நிறைய மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள். கல்யாண ஆரத்திபோலக் கெட்டிச் சிவப்பு. பரசுராமனைத் தெருக் கால்வாயில் காவல் வைத்தாள். சிவப்புத் தண்ணீர் அங்கே வராவிட்டால் தெருவைக் கூட்டித் தங்கம்மாளின் மானத்தை வாங்குவதாகத் திட்டம். ஊற்றினாள். சிவப்பு குழாய்க்குள் மெல்ல இறங்கி மறைந்தது.

தெருக் கால்வாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை. "பாத்தீங்களா!" என்று வெற்றியோடு அவள் வாசலுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

கலாவின் அம்மா வள்ளி கிணற்றில் வாளி விட்டிருந்தாள். வாளித் தண்ணீர் சிவந்து வந்திருந்தது.

"ஐயோ, செய்வினை வெச்சிட்டா! எங் கெணத்துல ரத்தம்!" தங்கம்மாள் தலைவிரி கோலமாய் மார்பில் அடித்துக்கொண்டாள். தெருவே உள்ளே புகுந்தது. கீழ்பென்னாத்தூர் மந்திரவாதியைக் கூட்டிவரச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். சரோஜாவும் கூட்டத்தோடு உள்ளே போனாள். கிணற்றுச் சுவரில், கல் இடுக்கில் புகுந்த முருங்கை வேருக்குப் பக்கத்தில், சிவப்பு கசிந்து வழிந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், கக்கூஸ் கழுவி விட்ட தண்ணீர். எல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. அவள் வீட்டில் முனிசிபாலிட்டிக் குழாய் உண்டு. இவர்களுக்குக் குடிக்கவும் கிணறுதான்.

பரசுராமன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். "வாயத் தொறக்காத. மந்திரவாதி வருவான், எதையோ கட்டிட்டுப் போவான். தானா அடங்கிடும்."

"அப்புறம் கொழந்த இதையேதாங்க குடிக்கும்" என்று கையை உதறிவிட்டுத் தங்கம்மாளிடம் போனாள்.

"அக்கா, அது ரத்தமில்லக்கா. ஆரத்தித் தண்ணி. நீங்க ஜலதாரைய அடைச்சிருக்கீங்கன்னு நெனச்சு நாந்தான் ஊத்தனேன். வேர் போயி கொழா ஒடஞ்சிருக்குது."

கூட்டம் சிரித்தது, கலைந்தும் போனது. தங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாளியைப் பார்த்தாள், பிறகு சரோஜாவைப் பார்த்தாள்.

"அப்ப, தெனமும்?"

"ஆமாக்கா. எங்க ஊட்டு அழுக்குத் தண்ணிதான்."

தங்கம்மாள் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு பட்டதா இருந்திருந்தா மொளகா சுத்திப் போட்டுத் தீத்திருப்பனேடி. நானே மொண்டு மொண்டு ஊத்தியிருக்கேனே!" என்று பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சரோஜா வீட்டுக்கு ஓடினாள். அடுப்பை மூட்டி, குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, சொம்பும் டம்ளருமாகச் சின்னக் கதவருகே வந்து நின்றாள். தங்கம்மாள் எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுத்தாள். டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை டம்ளருக்குக் கை நீட்டியது. அதன் கையைத் தட்டிவிட்டு, டம்ளரைச் சரோஜாவிடமே திரும்ப நீட்டினாள்.

"மொதல்ல நீ குடி."

சரோஜா வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். தங்கம்மாள் சொம்பை வாங்கிக் குழந்தைக்குப் புகட்டினாள்.