சீதன வண்டியின் எண்ணெய்க் கசிவு

1934 ஆவணியில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி வீரசிங்கம், என் மகள் சிவமலர், ஆனியில் அவளை மணந்த மருமகன் சீவரத்தினம். வேறு ஒருவரும் இல்லை.

நடுவில் நின்றது நான் சீதனமாகக் கொடுத்த மோட்டார் சைக்கிள். கிள்ளானிலிருந்து வந்து சேர்வதற்குள் மருமகனின் காற்சட்டை எண்ணெயில் ஊறியிருந்தது.

"புதுசு எண்டுதானே தந்தனீங்கள், மாமா. நல்லதாய் ஒண்டு தாருங்கோ. அதுவரைக்கும் சிவமலர் இங்கை இருக்கட்டும்."

மணமான மகள் தகப்பன் வீட்டில் தங்கினால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். மருமகன்தான் எங்கோ விழுத்தி உடைத்திருப்பார் என்று நினைத்தேன். கடையிலிருந்து வண்டியை ஓட்டி வந்தவன் வீரசிங்கம். திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து, பூசிச் சத்தியமாகச் சொல்லச் சொல்லி அவனிடம் நீட்டினேன். பூசிக்கொண்டான்.

"எடுத்த மாதிரியே கொண்டந்தனான், அண்ணை."

எனக்கு அது போதும்.

நான் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி, ஈரம் போகத் துடைத்தேன். மருமகனின் பிழை அவர் கண்முன்னே தெரியட்டும் என்று, தட்டில் மிஞ்சிய திருநீற்றையே அதன்மேல் தூவினேன். அவர் எஞ்சினை முடுக்கினார். சூடேறியதும், கால்மிதிக்குப் பின்னால் அந்த வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு ஊறி இறங்கியது.

பேனாக்கத்தியால் சுரண்டினேன். கறுப்புச் சாயம் உரிந்தது. கீழே மஞ்சள் சவர்க்காரம். அதையும் வழித்தெடுத்தால் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. வீரசிங்கத்தைப் பார்த்தார்.

"பத்து தீகா ரோட்டிலை மாடு குறுக்காலை வந்து விழுந்திட்டன், அண்ணை," என்றான் அவன். "கலியாணமும் கிட்டீட்டுது. உங்கடை மானம் போகக்கூடாதெண்டுதான் அடைச்சனான்."

"வீட்டிலை ஒரு வேட்டி தோய்க்காத சித்தப்பா, எஞ்சினுக்கெண்டால் சவர்க்காரம் போட்டிருக்கிறார்," என்றாள் சிவமலர். யாரும் சிரிக்கவில்லை.

வீரசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து நான் கூட்டி வந்து ஆளாக்கியவன். என் மானத்துக்காக என்று சொல்லி, என் கையிலிருந்த திருநீற்றைப் பூசிக்கொண்டு என்னிடமே பொய் சொன்னான்.

"பிழை எங்கடை வீட்டிலை, தம்பி," என்று மருமகனிடம் சொன்னேன். அப்படி யாரிடமும் நான் சொன்னதில்லை. "வேறை வண்டி வரும்."

அவர் வண்டியை விட்டுவிட்டுச் சிவமலரோடு மாலை ரயிலில் கிள்ளானுக்குப் போனார்.

மருமகன் குடித்துவிட்டு விழுந்து எஞ்சினை உடைத்தார் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். அவர் விழவில்லை. விழுந்தவன் என் தம்பி வீரசிங்கம்.