நீலம் முடியும் இடம்

இந்நேரம் ஐந்தாம் நம்பர் மலையில் பறித்த கொழுந்துக்கு முதல் நிறை போட்டிருப்பார்கள். நான் மட்டும் வேலை நாளில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, என் வீட்டு வாசலிலேயே விருந்துக்கு வந்தவளைப் போல உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

இப்படி நினைத்தபடி ஜெயலெட்சுமி விரல்களை மடக்கி முந்தானைக்குள் ஒளித்தாள். கொழுந்துக் கறை எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நகக்கண்களில் கறுப்பாகவே நின்றது. அரக்கு நிறச் சேலை அவளுடையது அல்ல. பழைய துரை பங்களாவில் இப்போது நடக்கும் ஹோட்டலில் வேலை செய்யும் ஷம்ரா கொண்டுவந்தது. தீபாவளி விடுமுறைக்கு வரும் ஆட்களுக்குக் காட்ட, 'தேயிலைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் பண்டிகை' என்று படங்கள் எடுக்க வேண்டுமாம். அம்மாவுக்கு அரக்கு, அப்பாவுக்கு வெள்ளை வேட்டி, மகளுக்கு மஞ்சள் பாவாடை, பின்னால் நீலச் சுவர் என்று ஷம்ரா எல்லாவற்றையும் போனில் எழுதி வைத்திருந்தாள்.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஆறு வீடுகளைப் பார்த்துவிட்டு, ஜெயலெட்சுமியின் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தாள். "அக்காட வீடுதான் நல்ல நீட்டா இருக்கு" என்றாள். கலைத்துப் போட ஆள் இல்லாத வீடு அப்படித்தான் இருக்கும் என்று ஜெயலெட்சுமி சொல்லவில்லை.

நேற்று இரண்டு பேர் வந்து வெளிச்சுவருக்கு நீலம் அடித்தார்கள். அவளுடைய கதவையும் ஜன்னலையும் தாண்டி, பக்கத்து வீட்டு ஜன்னலின் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் படத்தில் வராதாம். அங்கிருந்து லயத்தின் கடைசி வரை பழைய சுண்ணாம்பும் பச்சைப் பாசியும்தான். உள்ளே கூரை ஒழுகும் இடத்தில் அவள் வைத்திருந்த அலுமினியச் சட்டியை ஷம்ரா கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள்.

புவனேந்திரன் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான். பங்களாவுக்குக் காவல் இருக்கும் வாச்சர். இன்றைக்கு அவன்தான் அப்பா.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போன பொம்பளைங்க வாயப் பாத்தீங்களா?" என்றான். "'வாச்சர் அண்ணே, தலதீபாவளியா'ன்னு கேக்குறாளுக. எங்க வீட்டுக்காரி சிரிச்சிக்கிட்டேதான் இருந்தா. ஆனா டீ மட்டும் வரல."

"நீங்க வேட்டிய ஒழுங்காக் கட்டுங்க அண்ணே. அவுந்துச்சின்னா அதையும் படம் புடிச்சிருவாங்க."

படம் பிடிக்க வந்த ஷிபான் சிரித்தான். பதுளை டவுனில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். "அம்மா, இப்பிடியே சிரிங்க. மகள், நீங்க அம்மாட மடியில சாய்ங்க."

மகளாக வந்தவள் மேல் லயத்துச் சிறுமி. எட்டு வயது இருக்கும். கூச்சமே இல்லாமல் வந்து ஜெயலெட்சுமியின் மடியில் தலையை வைத்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. ஜெயலெட்சுமியின் கை முந்தானையை விட்டு வெளியே வந்து அந்தத் தலையைத் தடவியது. எத்தனை நாளாயிற்று ஒரு தலையின் சூட்டைத் தொட்டு என்று நினைத்தாள். உடனே திருட்டுப் பொருளைத் தொட்டவள் போல விரல்கள் நின்றன. நிரோஷா பார்த்தால் என்ன நினைப்பாள்?

நிரோஷா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நான்கு வருடம். தைப்பொங்கலன்று கடைசியாகப் பேசினாள். "அம்மா, இந்த வீட்ல போன வாங்கி வச்சிக்கிறாங்க. நான் வேற வீட்டுக்கு மாத்தக் கேட்டிருக்கேன்" என்றாள். அதன்பிறகு ஒன்பது மாதமாக ஒரு சத்தமும் இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட்டைத் தேடிப் பதுளைக்குப் போனபோது அவன் ஆபீஸ் இருந்த கடையில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஹோட்டல் மேனேஜர்தான் வழி சொன்னார். கொழும்பில் இருக்கும் முதலாளி பெரியய்யாவுக்கு எம்பசியில் ஆள் இருக்கிறதாம். சித்திரையில் ஜெயலெட்சுமி பாஸ்போர்ட் நகலையும், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நிரோஷாவின் படத்தின் பிரதியையும் உறைக்குள் போட்டுக் கொடுத்தாள். பிறகு கேட்டபோதெல்லாம் "பெரியய்யா கையிலயே குடுத்தாச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்றே பதில் வந்தது. வீட்டைப் படம் பிடிக்கக் கேட்டபோதும் மேனேஜர் அதைத்தான் நினைவுபடுத்தினார். "பெரியய்யா மனசு குளிர்ந்தா உன் வேல சீக்கிரம் நடக்கும்."

வாசலில் எடுத்து முடிந்தது. அடுத்து வீட்டுக்குள் விளக்கேற்றுவது போல. ஷம்ரா பச்சைச் சேலை ஒன்றைக் கொடுத்து, "அக்கா, பக்கத்து வீட்டுல போய் மாத்திட்டு வாங்க. அதுக்குள்ள நான் உள்ளுக்குச் சோடிச்சிர்றேன்" என்றாள்.

பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. ஆள் வேலைக்குப் போன வீட்டின் சாம்பல் வாடை. அங்கே தொங்கிய கைக்கண்ணாடியில் ஜெயலெட்சுமி தன்னைப் பார்த்தாள். நிரோஷா வந்து இறங்கும் நாளில் கட்டிக்கொள்ள அவளிடம் இப்படி ஒரு பச்சை இல்லை. இதையே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு தன்னையே கடிந்துகொண்டு கொசுவத்தைச் செருகினாள்.

திரும்பி வந்தபோது வாசல் நிலையில் செவ்வந்திச் சரம் தொங்கியது. முருகன் படத்துக்கு ஒரு சரம் போட்டிருந்தார்கள். தட்டில் முறுக்கு. பித்தளை விளக்கு. அவள் இன்னும் ஒரு அடி உள்ளே வந்தாள்.

நிரோஷாவின் படத்தில் மாலை போட்டிருந்தது.

தடித்த செவ்வந்தி மாலை. சட்டத்தின் இரண்டு மூலையையும் சுற்றி, சிரித்துக்கொண்டிருந்த முகத்துக்குக் கீழே வளைந்து தொங்கியது. ஒன்பது மாதமாக இரவுகளில் கண்ணை மூடினால் வரும் படம் இதுதான். கண்ணைத் திறந்துதான் ஒவ்வொரு முறையும் அதை அழித்திருக்கிறாள். இப்போது கண் திறந்துதான் இருந்தது.

"யாரு மிஸ் இத போட்டது?" புவனேந்திரனின் குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது.

"நான்தான். ஏன்? வடிவா இல்லையா?"

"உசுரோட இருக்கிற புள்ள மிஸ். படத்துக்கு மால போடுறது செத்தவங்களுக்கு."

ஷம்ராவின் முகம் வெளுத்தது. "அல்லாஹ்! எனக்குத் தெரியா அக்கா. சத்தியமாத் தெரியா. எங்கட பக்கத்து வீட்டுல ஒரு படத்துக்கு எந்நாளும் பூ போடுவாங்க. பாசத்துக்குப் போடுறதுன்னுதான் நெனச்சேன்." அவள் கையை நீட்டி மாலையைத் தொட்டாள். அதற்குள் அவளுடைய போன் ஒலித்தது.

ஷிபான் வெளிச்சம் பார்க்க எடுத்த ஒரு படத்தை ஏற்கெனவே கொழும்புக்கு அனுப்பியிருந்தான். அதற்குப் பெரியய்யாவின் பதில் குரலாகவே வந்திருந்தது. பதற்றத்தில் ஷம்ரா அதைச் சத்தமாகவே போட்டுவிட்டாள்.

"நல்லா வந்திருக்கு ஷம்ரா. சுவத்துல அந்தப் புள்ள யாரு, செத்துப்போன மகளா? பாவம். பண்டிக நாள்ல போனவங்கள நெனைக்கிறது, அது நல்ல டச். அத மட்டும் எடுத்திராதீங்க. மால நல்லாத் தெரியிற மாதிரி, அந்தம்மாவ அதுக்கு நேர கீழ உக்கார வைங்க."

மழை தொடங்கியிருந்தது. சட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டதால், அது இருந்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்து தரையில் தெறித்தது.

செத்துப்போன மகளா. ஜெயலெட்சுமி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உறைக்குள் போட்டு அவருக்குக் கொடுத்த அதே படம்தானே. அதே பச்சைத் துப்பட்டா, மூக்கின் ஓரத்து மச்சம். ஸ்டூடியோவில் பிரதி எடுத்தபோது மச்சம் தெளிவாக விழவில்லை என்று திருப்பிக் கொடுத்து மறுபடியும் எடுக்கச் சொன்னாள். முகம் சரியாகத் தெரிந்தால்தானே தேடுபவருக்குச் சுலபம்.

ஷம்ரா கிட்டே வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "அக்கா, ஒரே ஒரு படம். எடுத்த கையோட நானே கழட்டிர்றேன். அவர் சொன்னத மாத்த எனக்கு ஏலா. வேலையிலிருந்து நிப்பாட்டிருவாங்க. அக்காட விசயமும் அவர்ட கையிலதானே இருக்கு."

ஜெயலெட்சுமி அவளைப் பார்த்தாள். ஷம்ராவின் கண் கலங்கியிருந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும். நிரோஷாவின் வயதுதான்.

"மிஸ், அந்தக் கவர அவரு பிரிச்சுப் பாத்தாரா?"

ஷம்ரா பார்வையைக் கையிலிருந்த போனுக்குத் தாழ்த்தினாள்.

ஜெயலெட்சுமி முக்காலியில் ஏறினாள். மாலையை ஒரு மூலையிலிருந்து மெதுவாக எடுத்தாள், பிறகு மறு மூலையிலிருந்து. இதழ் ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் நீக்கினாள். மாலையை முறுக்குத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீடுகளின் முன்னால் ஓடும் இஸ்தோப்பில் நடந்து பக்கத்து வீட்டு ஜன்னலின் பாதியைத் தாண்டினாள். நீலம் முடிந்து பாசி தொடங்கும் இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, படத்தை மடியில் நிமிர்த்தி வைத்தாள். மஞ்சள் பாவாடைச் சிறுமி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஷிபான் கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். "அம்மா, மழையில லைட் போகப் போகுது. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காருங்களேன். அங்க இருந்தா படத்துல வர மாட்டீங்க."

"நான் வரல தம்பி" என்றாள். மகளின் முகத்தில் தெறித்த மழையைப் பச்சைச் சேலையின் முந்தானையால் துடைத்தாள்.