பதினொரு சுற்று மரை

வத்தேகமைக்கு மேலே உள்ள தோட்டத்தில், 1926ஆம் ஆண்டு மாசி மாதம் காவல்காரன் பழனியாண்டி விசையை இழுத்த துவக்கு 1937ஆம் ஆண்டு மாசியில்தான் வெடித்தது. இடைப்பட்ட பதினொரு வருடமும் அவன் அதைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

துவக்கு துரையுடையது. தோட்டா போட்டுச் சுடும் நல்ல சாமான்தான்; அடிப்பூட்டு தேய்ந்ததும் துரைக்கு அது ஆகாமல் போயிற்று. மரவள்ளியைக் கிண்டும் பன்றியை விரட்டக் காவல்காரனுக்காவது உதவட்டும் என்று வத்தேகம கடைவீதியில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஜவாஹிரிடம் கொடுத்தனுப்பினார். தோட்டா நுழையும் பின்வாயை அடைத்து, முன்வாயால் மருந்தும் ஈயக்குண்டும் போட்டு இடிக்கிற இடியன் துவக்காக மாற்றுவதில் ஜவாஹிரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. பின்வாயை அடைக்கும் திருகாணிக்கு அவர் எப்போதும் ஐந்து சுற்று மரை வெட்டுவார். பழனியாண்டி போய் நின்ற அன்று, வீட்டில் வேலாயிக்கு நிறைமாதம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். பிள்ளை முகம் பார்க்கப் போகிறவன் முகத்தில் ஆணி பிய்த்துக்கொண்டு அடித்தால் என்ன ஆவது என்று மனிதருக்கு மனசு பதறிவிட்டது. பதினொரு சுற்று வெட்டினார். எல்லாம் அன்பினால் வந்த வினை.

பன்றி வந்தது. பழனியாண்டி குறி பார்த்து விசையை இழுத்தான். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு பட்டென்றது, வேட்டு வரவில்லை. அப்படி ஆனால், வேட்டு வரும்வரை துவக்கை இறக்கவோ திருப்பவோ கூடாது என்பது இடியன் பிடிக்கிறவர்களின் சட்டம். அவசரப்பட்டு இறக்கிய இரண்டு பேர் தெல்தெனியப் பக்கம் கால்விரல் இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஆகவே அவன் நின்றான். பன்றி சற்று நேரம் பார்த்துவிட்டு, கிழங்கைத் தின்றுவிட்டுப் போயிற்று. சாயங்காலம் ஜவாஹிர் மலையேறி வந்து குழாயில் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் செத்துப்போயிற்று.

“நெருப்பு மரையில ஏறிட்டுது, தங்கச்சி. சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு ஈக்கிது.”

“எப்ப வந்து சேரும், நானா?” என்று கேட்டாள் வேலாயி.

“சுத்து பதினொண்ணு ஈக்கிதே,” என்றார்.

பங்குனியில் பெண் பிறந்தது. பிறந்த பிள்ளையைத் தகப்பன் கையில் ஏந்த வேண்டும் என்பதுதான் வேலாயியின் ஒரே ஆசை. துணியில் சுற்றித் தூக்கிப் போனாள். அவன் ஒரு கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமல் மறு கண்ணால் பிள்ளையைப் பார்த்தான். அவள் குழந்தையின் காதை அவன் வாயருகே கொண்டுபோக, பாப்பம்மா என்று மூன்று தரம் சொன்னான். ஏந்த முடியவில்லை. அவள் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள்.

அடுத்த மாசியில் குழாய்க்குள் டிக்கென்று கேட்டது. ஒரு சுற்று முடிந்தது என்று ஜவாஹிர் சோக்கால் ஒரு கோடு போட்டார். காவல்காரன் காவலில்தானே நிற்கிறான் என்று கணக்கப்பிள்ளை தினமும் சம்பளத்துக்குப் பேர் போட்டார். குழாய்க்கு நேரே போன பாதையை வளைத்து வெட்டினார்கள். மழைக்கு அவன் தலையில் சாக்குக் கொங்காணி போட்டு, குழாய்க்கு அடியில் கோப்பிமரத்துக் கவை நட்டார்கள். வேலாயி சோற்றை உருட்டி ஊட்டினாள். அவன் கண் சொருகும்போது முதுகோடு முதுகு வைத்துத் தாங்கினாள். ஜவாஹிர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வருவார். முதல் இரண்டு வருடம் வேலாயி அவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு ஏச மனம் வரவில்லை. அவள் தாலி கழுத்தில் இருக்க வேண்டும் என்றுதானே அவரும் வெட்டினார். பாப்பம்மா தூக்கச் சொல்லிச் சிணுங்கினால், “அப்பாவுக்குக் கை ஒழியல, தங்கம்,” என்பாள்.

ஏழாவது வருடம் வேலாயிக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

“வெடிச்சா வெடிக்கட்டுங்க. கீழ போட்டுட்டு ஒருவாட்டி புள்ளையத் தூக்குங்க.”

அவன் குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். “இப்ப எதுத்தாப்புல பாறை இருக்கு, புள்ள. கொஞ்சம் அசஞ்சா நாம குடியிருக்கிற லயம். நம்ம பாப்பா ஓடியாடுற எடம்.”

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பதினோராம் கோடு போட வேண்டிய நாள் ஜவாஹிர் பட்டறையைப் பூட்டிவிட்டு விடியும்போதே வந்துவிட்டார். உச்சி வெயிலில் துவக்கு வெடித்தது. குண்டுகள் பாறையில் பட்டுச் சிதறின. புகை கலைந்ததும் பழனியாண்டி துவக்கை இறக்கி ஜவாஹிரின் கையில் கொடுத்தான். மடங்கிய கை நிமிரச் சற்று நேரம் பிடித்தது. பாப்பம்மா அவன் நெஞ்சுயரம் வளர்ந்திருந்தாள்.

அவன் குனிந்து அவளைத் தூக்கிவிட்டான்.

“நா பெரிய புள்ளப்பா. எறக்கி விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க.”

அவன் இறக்கவில்லை. பழகிப்போன வளைந்த பாதையிலேயே அவளைச் சுமந்துகொண்டு லயத்துக்கு நடந்தான். ஜவாஹிர் வெறுந்துவக்கோடு பின்னால் வந்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்து. வேலாயி முந்திப் போய்ச் சோறு போட்டு வைத்தாள். அவன் வந்து உட்கார்ந்தான்; பிள்ளை மடியில் இருந்தாள்; இரண்டு கையும் அவளைச் சுற்றியே இருந்தன. அன்றைக்கும் வேலாயிதான் ஊட்ட வேண்டியிருந்தது. அவனுக்குக் கை ஒழியவில்லை.